திசை மாறிப் புதைத்த நவதானியம்

ஸ்பிரிங்வேல்,
மெல்பேர்ண்.
22.02.1999

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய விக்னராஜா அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் நித்தியானந்தன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரஞ்சினியும் பிள்ளைகளும் சுகம். சிட்னி ஹோம்புஷில் உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் பிறஷரும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையோடு, மரியாதை குறையாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நடந்தது இதுதான். என் குவாரியில் நீங்கள் புதைத்த நவதானியம் முளைத்துவிட்டது. முளைத்ததைத் தின்ன மலையிலிருந்து பாறை வலபிகள் என்கிற சின்னக் கங்காருகள் இறங்கி வந்தன. வந்தவை திரும்பிப் போகவில்லை. அவை போகும்வரை சிவப்புக் கல்லில் கைவைக்கக் கூடாது என்று தடை வந்தது. அந்தச் சிவப்புக் கல்லைக் காட்டித்தான் மெல்பேர்ணிலேயே பெரிய கட்டடக்காரனிடம் ஓர்டர் பிடித்திருந்தேன்; ஈஸ்டருக்கு முன் கல் போய்ச் சேராவிட்டால் அவன் மட்டுமல்ல, அவன் சொல்லக் கேட்கும் அத்தனை பேரும் என் கல் யார்ட் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இப்படி நான் ஒற்றைக்காலில் நிற்கும்போது, யார்ட்டுக்குக் கல் பார்க்க வந்த சிட்னி கிருஷ்ணசாமி வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறார்: “உங்க அத்தான் பாலைவனத்துலயே பயிர் முளைக்க வச்சாராமே, ஹோம்புஷ் முழுக்க அதே பேச்சு.” அதற்கு மறுநாள் நீங்கள் தொலைபேசி எடுத்து, பூசை செய்த உரிமையில் வீட்டு வாசற்படிக்கு அந்தச் சிவப்புக் கல்லில் நாலு பலகை அனுப்பச் சொல்கிறீர்கள். என்ன நியாயம் அத்தான் இது? அன்றைக்கு ரஞ்சினி பக்கத்தில் நின்றதால் நான் “பாப்பம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இன்றைக்கு அவள் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

கல்லு வியாபாரத்தில் நான் எப்படி மேலே வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். எண்பத்தினாலில் வந்து இன்னொருவனின் யார்ட்டில் கல் இறக்கிய கை இது. பிறகு சொந்த யார்ட். முற்றத்துக்கும் தோட்டப் பாதைக்கும் நீச்சல் குளத்துக் கரைக்கும் கல் விற்றவன், நடுவில் நிற்பவனுக்குப் போகிற லாபம் ஏன் என் வீட்டுக்கு வரக்கூடாது என்று யோசித்துத்தான், தென் அவுஸ்திரேலியாவில் குவோர்ன் என்ற சின்ன ஊருக்கும் வடக்கே, மழையை மறந்துபோன மலைகளுக்குள் அந்தக் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தேன். கல்லும் முள்ளும் ஈயும் தவிர அங்கே சீவராசி எதுவும் இல்லை என்று கொடுத்தவன் சத்தியம் செய்தான். நானும் போய்ப் பார்த்தேன், உண்மைதான் போலிருந்தது. மேற்பார்வைக்கு ஏசுதாசனை வைத்தேன். மலேசியாவில் ஈப்போப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் இருந்த மனிதன். பொய் பேச மாட்டான். அந்த ஒரு குணத்தால் எனக்கு எவ்வளவு நட்டம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, நீங்கள் தொலைபேசி எடுக்கும்வரை. “மலையை வெட்டப் போறாய். பூமாதேவியிட்டை ஒரு வார்த்தை கேட்டனியோ?” என்றீர்கள். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஐயரைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போவதென்றால், வழியில் அவருக்கு ஏற்ற சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று நான் தயங்கியபோது, “ஐயர் என்னத்துக்கு, நான் வாறன்” என்றீர்கள். நான் உங்களை அழைக்கவில்லை என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்துகிறேன்.

மாநில எல்லையில் நடந்ததை நீங்கள் ஹோம்புஷில் சொல்லியிருக்க மாட்டீர்கள், நான் சொல்கிறேன். பழ ஈ வந்துவிடக்கூடாது என்று எல்லையில் சாவடி வைத்துப் பழங்களைப் பறிக்கிறார்கள், வெளியே பெரிய எழுத்தில் பலகையும் போட்டிருக்கிறார்கள். நான் வாசித்துச் சொன்னேன். “அது தின்னக் கொண்டுபோறவைக்கு, இது சுவாமிக்கு” என்றீர்கள். சாவடியில் நின்ற வெள்ளைக்காரப் பெடியன் மரியாதையான பிள்ளை. நீங்கள் பிள்ளையாரின் பெருமையைச் சொல்லி முடிக்கும்வரை கைகட்டிக் கேட்டுவிட்டு, வாழைப்பழம், எலுமிச்சை, மாவிலை எல்லாவற்றையும் தொட்டிக்குள் போட்டான். தேங்காயையும் தானியச் சாக்கையும் விட்டான். காருக்குள் ஏறி நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “பழம் போனாப் போகட்டும். அதுக்கு ஈடாத் தானியத்தைக் கூட்டிப் போடுவம்.” ஊரில் ஒரு பிடி போடுவார்கள். என்னிடம் ஒரு சாக்கு இருந்தது, ஏனென்றால் சாக்காக வாங்கினால் மலிவு. புத்தியுள்ள எவனும் அப்படித்தான் வாங்குவான். நீங்கள் பாதிச் சாக்கைக் கொட்டினீர்கள்.

கொட்டியதுகூடப் பரவாயில்லை, எங்கே கொட்டினீர்கள் என்பதுதான் கதை. சாவடியில் மினக்கெட்டதில் காலை முகூர்த்தம் தப்பிவிட்டது. உச்சிப்பொழுது அபிஜித் முகூர்த்தம், அதற்குத் தோஷமே இல்லை என்று உச்சி வெயிலில் எங்களை நிறுத்தினீர்கள். சுற்றிவர மலை, சூரியன் எந்தப் பக்கம் உதித்தது என்று யாருக்குத் தெரியும். நீங்கள் சூரியனைப் பார்த்தீர்கள், அதற்கு முதுகைக் காட்டி நின்றீர்கள், “இதுதான் வடக்கு” என்றீர்கள், வலது கைப்பக்கம் சரிவாக நீட்டி “அதுதான் ஈசான மூலை” என்றீர்கள். சிவப்புப் பாறையின் அடியில், கல் அறுக்கும் வாளின் தண்ணீர் வழிந்தோடும் இடம். அங்கே குழி வெட்டி, பாதிச் சாக்கை இட்டு, தேங்காய் உடைத்து, தேவாரம் பாடினீர்கள். ஏசுதாசன்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

பிறகு மழை. அந்த மலையில் வருடக்கணக்காகப் பெய்யாத மழை. நான் தொலைபேசியில் சொன்னபோது, “பாத்தியே” என்று ஒரு சொல்தான் சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லில் இருந்த பெருமைக்கு இன்னொரு லொறி பிடிக்க வேண்டும்.

மழையும் வாளின் தண்ணீரும் சேர்ந்து குழியில் இறங்க, சாம்பல் நிற மலையின் அடியில் பச்சைப் பாய் விரித்ததுபோல முளைத்தது. அந்த நேரம் பார்த்து ஜூடித் வந்தாள். அரசாங்கச் சுற்றாடல் பகுதியின் ஆள். குத்தகைப் பத்திரத்தில் சின்ன எழுத்தில், குவாரிக்குள் இருக்கிற செடி கொடி பிராணி எல்லாவற்றையும் அவ்வப்போது வந்து பார்ப்பார்கள் என்று இருக்கிறது. கல்லும் முள்ளும்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். ஐம்பது வயதிருக்கும், ஒட்டகம்போல உயரம், நடக்கும்போது நிலத்தைப் பார்த்தே நடக்கிற மனுசி. பச்சையைக் கண்டதும் முழந்தாளிட்டாள். இந்த மலைத்தொடரில் இப்படியொரு அவரை இனத்தைப் பார்த்ததில்லை என்றாள். சுற்றிவரச் செம்மஞ்சள் வலை கட்டினாள். நாலு இலையைப் பைக்குள் போட்டு அடிலெய்டுக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்றாள்.

அத்தான், அது உளுந்து. எனக்குப் பார்த்தவுடனே தெரியும். நாற்பது வருடமாக இட்லி தின்கிறவனுக்கு உளுந்தஞ் செடியைத் தெரியாதா? ஆனால் அதே சின்ன எழுத்தில், வெளி விதை எதுவும் கொண்டுவந்து போடக்கூடாது என்றும் இருந்தது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வியாபாரத்தில் சில நேரம் வானத்தைப் பார்க்கத்தான் வேண்டும். அடுத்த தடவை ஜூடித் வந்தபோது, நான் யார்ட்டில் இருந்தேன், அவள் ஏசுதாசனைக் கேட்டிருக்கிறாள். அவன் முழுவதையும் சொல்லிவிட்டான். பாஸின் அத்தான் சிட்னியிலிருந்து வந்து சாமி கும்பிட்டுப் புதைத்தது, ஒன்பது வகை, பாதிச் சாக்கு, அதில் இது உளுந்து, அது கொள்ளு, இது எள், என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்திருக்கிறான். நான் தொலைபேசியில் கத்தினேன். அவன் பதறவே இல்லை.

“என்னா பாஸ், நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன். கேக்காம இருந்தா சொல்லமாட்டேன். கேட்டா சொல்லிடுவேன்.”

அடிலெய்டிலிருந்தும் பதில் வந்துவிட்டது. ஒன்பதையும் வேரோடு பிடுங்க உத்தரவு. நானே நேரில் போனேன், ஜூடித்தும் வந்தாள். போய்ப் பார்த்தால் பிடுங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வலையைத் தாண்டி எதுவோ வந்து மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது. சரி, சனியன் தொலைந்தது என்று நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன், ஜூடித் குனிந்து புழுக்கையைப் பொறுக்குகிறாள். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள். லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்தவளின் முகம். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிச் சிவப்புப் பாறையின் உச்சித் திட்டைக் காட்டினாள்.

அங்கே நின்றது ஒரு பாறை வலபி. சின்னக் கங்காருச் சாதி. காலும் கையும் மஞ்சள், முகத்தில் வெள்ளைக் கோடு, வாலில் வளையம் வளையமாகப் பட்டை. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குச் சோடித்த பிள்ளை மாதிரி. இந்தப் பள்ளத்தாக்கில் இவற்றைக் கண்டு எத்தனையோ வருடமாம். காட்டு ஆட்டுக் கூட்டமும் நரியும் விரட்டி, மலையின் மறுபக்கத்து இடுக்குகளில் கொஞ்சம்தான் மிஞ்சிக் கிடந்தனவாம். அவற்றில் சில உங்கள் உளுந்தை மோப்பம் பிடித்து வந்து, திட்டும் நிழலும் கீழே வாளின் தண்ணீரும் வசதியாக இருக்கக் கண்டு, அங்கேயே குடிவந்துவிட்டன. வாடகை ஒப்பந்தம் இல்லை, முற்பணம் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதில் ஒருத்தி வயிற்றுப் பையில் குட்டியோடு. காதில் ஒரு வெட்டு இருக்கும், அதை வைத்துத்தான் அவளை அடையாளம் தெரியும். மற்றபடி எனக்கு ஒன்றையும் ஒன்றையும் வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூடித் வரைபடத்தை விரித்துச் சிவப்புப் பாறையைச் சுற்றிக் கோடு கீறினாள். இதற்குள் வெடி இல்லை. இவை போகும்வரை இல்லை, குட்டி பையை விட்டு இறங்கும்வரை நினைக்கவே வேண்டாம். நான் வாதாடினேன், கெஞ்சினேன், கட்டடக்காரனைப் பற்றிச் சொன்னேன். அவள் பாவம் என்றுதான் கேட்டாள், கோட்டை மட்டும் அசைக்கவில்லை. அப்போதுதான் அந்த வரைபடத்தின் மூலையில் இருந்த வடக்கு அம்புக்குறி என் கண்ணில் பட்டது.

அத்தான், நீங்கள் சிட்னிக்கு வந்து பதினாறு வருடம். இந்த நாட்டில் உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும் என்று ஒரு நாளாவது உங்களுக்குத் தெரிய வரவில்லையா? யாழ்ப்பாணத்தில் சூரியனுக்கு முதுகு காட்டினால் வடக்கு. இங்கே முதுகு காட்டினால் தெற்கு. நீங்கள் வடக்கென்றது தெற்கு, கிழக்கென்றது மேற்கு, ஈசான மூலை என்று தேவாரம் பாடியது நேரெதிர் மூலை, தென்மேற்கு. உண்மையான ஈசான மூலை எது தெரியுமா? உதவாத கல்லைக் கொட்டி வைத்திருக்கிற வாய்க்கால். அங்கே நீங்கள் ஒன்பது வகை அல்ல, தொண்ணூறு வகை புதைத்திருந்தாலும் ஒரு தூசி கல்லுக்குக்கூட எனக்கு நட்டம் வந்திராது. பார்த்துப் பார்த்து, என் தங்கம்போன்ற சிவப்புக் கல்லின் காலடியில் கொண்டுபோய்க் கொட்டினீர்கள்.

நானும் சும்மா இருக்கிறவன் இல்லை. தானியத்துக்கு வந்தவை தானியத்துக்குப் போகும் என்று கணக்குப் போட்டு, மீதிப் பாதிச் சாக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த வாய்க்காலில் கொட்டினேன். பக்கத்தில் தொட்டி வைத்துத் தண்ணீரும் நிரப்பினேன். வலபிகள் இடம் மாறும், நான் சிவப்புக் கல்லை வெட்டுவேன் என்பது திட்டம். ஒரு வலபி வரவில்லை. வந்தது ஆடு. காட்டு ஆடு. அந்த மொட்டை மலையில் அத்தனை ஆடு எங்கே ஒளிந்திருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தாடி வைத்த கிடாய்கள், கொம்பு முறுக்கியவை, ஒற்றைக் கண்ணன், எல்லாமாக வாய்க்காலை நிரப்பி, தானியம் முடிந்ததும் குவாரிக்குள் இறங்கின. வாள் கொட்டகையின் கூரையில் ஏறித் தகரத்தோடு கீழே வந்தன. ஏசுதாசனின் அறைக்குள் புகுந்து சுவர்க் கலண்டரில் ஏப்ரல் வரை தின்றன. “பாஸ், எனக்கு ஈஸ்டர் எப்பன்னு தெரியாம போச்சு” என்று அவன் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஜூடித் வந்து கிழித்தாள். வலபி தின்னும் புல்லை ஆடு தின்னும், வலபி படுக்கும் நிழலில் ஆடு படுக்கும், இருக்கிற ஆட்டையே குறைக்க முடியாமல் நாங்கள் தவிக்க, நீ அழைப்பிதழ் அடித்து வரவழைக்கிறாயா என்றாள். இவ்வளவு காலமும் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. ஏசுதாசன் அன்றைக்குத்தான் வானத்தைப் பார்த்தான்.

கோபம் ஆறினபின், என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, ஒரு சலுகை தந்தாள். ஒரு நாளைக் குறி என்றாள். அன்றைக்கு விடிந்ததிலிருந்து திட்டில் ஒரு வலபியும் இல்லை என்று அவள் வந்து பார்த்து உறுதிப்படுத்தினால், ஒரேயொரு வெடி வைக்கலாம். நான் நாள் குறித்தேன். போர்ட் ஒகஸ்ராவிலிருந்து வெடிகாரனை வரவழைத்தேன். துளை போட்டு வைத்தாகிவிட்டது. தை மாதம், கல்லில் தோசை சுடலாம், அப்படி வெயில். ஜூடித்தின் ஜீப் வழியில் ஓடைக் கல்லில் ஏறிச் டயர் கிழிந்து நின்றுவிட்டது என்று ரேடியோவில் செய்தி. அதே நேரம் கட்டடக்காரன் தொலைபேசியில்: ஈஸ்டருக்குள் கல் வரும் என்று இந்தக் கிழமையே உறுதி சொல், இல்லாவிட்டால் வேறிடத்தில் வாங்குகிறேன்.

திட்டில் காது வெட்டுக்காரி படுத்திருந்தாள். வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குவாரியைக் கட்டியவளே தான்தான் என்பதுபோல. காலையில் படுத்திருந்தாள், பத்து மணிக்குப் படுத்திருந்தாள், மத்தியானம் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். வெடிகாரன் சாண்ட்விச்சைத் தின்று முடித்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கி எழும்பினான். எழும்பி என்னிடம் வந்து, அவளாக ஓடிவிடுவாள், ஓடாவிட்டாலும் நான் ஒன்றையும் பார்க்கவில்லை, குவாரி உன்னுடையது, நீ சொல், என்றான். அந்த நேரம் பையிலிருந்து குட்டி தலையை நீட்டி எங்களைப் பார்த்தது.

நான் ஏசுதாசனைப் பார்த்தேன். ஏசுதாசன் என்னைப் பார்த்தான்.

“பாஸ், அந்த மேடம் வந்து கேப்பாங்க. நாம அதைப் பாத்தோமா, பாக்கலியா? இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் என்கிட்ட கோவிச்சுக்கக் கூடாது.”

வெடிகாரனைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அப்படியொன்றும் கிடையாது. ஸ்பிரிங்வேலில் என் பிளாட்டில் வாடகைக்கு இருந்த ஒருத்தியை, பிள்ளை பிறக்கும்வரை நான் வீட்டை விட்டு எழுப்பவில்லை, அது ஒழுங்கு. மனுசருக்கு ஓர் ஒழுங்கு, வால் இருந்தால் வேறோர் ஒழுங்கா? அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொட்டகையின் உடைந்த தகரத்தின் கீழே குந்திக்கொண்டு, கட்டடக்காரனுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் இருந்த இருப்பு இருக்கிறதே, அதை உங்கள் எதிரிக்கும் நேர விடாதீர்கள். நீங்கள் அந்நேரம் ஹோம்புஷில் வடை தின்றுகொண்டு பாலைவனப் பயிரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

ஜூடித் பின்னேரம்தான் வந்து சேர்ந்தாள், முழங்கை வரை கிறீஸ். ஏசுதாசனைக் கேட்டாள், அவன் வழக்கம்போல ஒன்றுவிடாமல் சொன்னான், வெடிகாரன் சொன்னதையும் சேர்த்து. அவள் என் பக்கம் வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இஞ்சித் தேத்தண்ணி ஒன்று குடித்தாள். இரண்டாவதும் கேட்டாள். பிறகு, “உனக்கு என்னதான் வேண்டும்?” என்றாள்.

அத்தான், இத்தனை வருடம் வியாபாரம் செய்தவனுக்கு ஒன்று தெரியும். வந்தவர் கதிரையில் உட்கார்ந்து இரண்டாவது தேத்தண்ணி கேட்டால் பேரம் தொடங்கிவிட்டது. அதுவரை நான் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தேனே தவிர, கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. அப்போது கூரையில் மிச்சமிருந்த தகரத்தில் ஒரு கிடாய் நடந்தது. எனக்குப் பொறி தட்டியது. உனக்கு இந்த ஆடுகள் போக வேண்டும், அதுதானே? நான் போக்குகிறேன். ஹெலிகொப்டரில் வந்து சுட உனக்கு எவ்வளவு செலவு? எனக்குச் செலவே இல்லை. தொட்டியும் தானியமும் வைத்தால் அவை தாமாக வரும், வேலி அடைப்பேன், லொறியில் ஏற்றுவேன். ஸ்பிரிங்வேல் கடைகளில் ஆட்டிறைச்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள். அதற்குப் பதில், சிவப்புக் கல்லின் கீழ்ப் பாதியை எனக்கு விடு. வெடி வேண்டாம், கம்பி வாளால் அறுக்கிறேன், அவள் தூக்கம் கலையாது.

ஜூடித் யோசித்தாள். பிறகு தொடங்கினாள் பாருங்கள், யாழ்ப்பாணத்துச் சின்னக்கடை மீன் சந்தையில் பிறந்து வளர்ந்தவளோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேலியின் அடியில் வலபி நுழைந்து வெளியேற இடைவெளி வேண்டும் என்றாள். சரி. நரிக்கு நஞ்சு வைப்பது என் செலவு என்றாள். இழுபறிப்பட்டுப் பாதிப் பாதி. திட்டும் அதன் மேல் நிழலும் என்றைக்கும் வெட்டப்படாது என்றாள். கொஞ்சம் வலித்தது, சரி. கடைசியாக ஒன்று சொன்னாள்: தானியம் எதுவானாலும் வறுத்ததாக இருக்க வேண்டும், இந்த மலையில் இனி உன் உளுந்து ஒன்றும் முளைக்கக் கூடாது. சனிக்கிழமைப் பிரசங்கத்தில் நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், வறுத்த வித்து முளைக்காது, அதுபோல ஞானியின் வினை என்று. இத்தனை வருடம் சைவ சித்தாந்தம் பேசிய உங்களுக்கு வராத யோசனை அந்த மனுசிக்கு வந்தது.

இப்போது கம்பி வாள் ஓடுகிறது. கட்டடக்காரனுக்கு முதல் லொறி போய்விட்டது. வெடியில் சிதறாமல் வாளில் அறுத்த கல் கண்ணாடிபோல் இருக்கிறது என்று அவனே சொன்னான். ஆடுகளும் போகின்றன. ஆட்டு வேலி எங்கே அடைத்திருக்கிறது என்று கேட்டீர்களானால், அந்த வாய்க்காலில்தான், உண்மையான ஈசான மூலையில். மந்திரமும் தேவாரமும் இல்லாமல் நான் கோபத்தில் கொட்டிய பாதிச் சாக்குத்தான் சரியான மூலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் ஆயுளில் மச்ச மாமிசம் தொடாதவர். உங்கள் பூசையின் பலனாக இன்றைக்கு ஸ்பிரிங்வேலில் ஆட்டிறைச்சி விலை இறங்கியிருக்கிறது. ஹோம்புஷில் கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆகவே அத்தான், முடிவாகச் சொல்கிறேன். மீண்டு வந்தது என் பேச்சுச் சாமர்த்தியத்தால், உங்கள் பூசையால் அல்ல. என் குவாரிக்குள் இனி ஒரு தானியமணி புதைக்கப்படாது. நீங்கள் அந்த மலைப் பக்கம் வருவதையும் நான் விரும்பவில்லை. அந்த வலபிக் கூட்டம் போகும் நாளை நான் விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வாசற்படிக்குச் சிவப்புக் கல் இல்லை. ஒரு சில்லுக்கூட இல்லை. ஹோம்புஷில் நல்ல தரை ஓட்டுக்கடைகள் இருக்கின்றன.

அக்காவுக்கு என் அன்பு. பிறஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லவும். உங்கள் பிறந்த நாளுக்குக் கேரம் டவுன்ஸில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்ய ரஞ்சினியிடம் சொல்லிவிட்டிருக்கிறேன். எந்தத் திசையில் நிற்பது என்பதை அங்கே ஐயர் பார்த்துக்கொள்வார். நீங்கள் நீடூழி வாழ வேண்டும், வாழ்ந்து இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

என்றும் மரியாதை மாறாத மைத்துனன்,
நித்தியானந்தன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஏசுதாசன் கூப்பிட்டான். குட்டி பையை விட்டு இறங்கித் திட்டில் தாவுகிறதாம். தாவத் தெரியாமல் ஒருமுறை சறுக்கியதாம், தாய் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். வாளை நிறுத்தினாயா என்று கேட்டேன். பாஸ் சொல்லாமலே நிறுத்திவிட்டேன் என்றான். இரண்டு நாள் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கம்பிக்கும் ஓய்வு வேண்டும்தானே. ஜூடித்துக்கும் தெரிவித்தேன். அவள் கேட்டாள், அன்றைக்குப் பூசை செய்தவரின் பெயர் என்ன என்று. குட்டியைப் பதியும் ஏட்டில், குட்டியின் பெயராக எழுதவாம். கொடுத்துவிட்டேன்.

சித்திரையில் கிழக்குப் பக்கம் கல் வெட்டப் புதிய முகம் திறக்கிறோம். பூசை இல்லாமல் முதல் வாள் வைக்க ரஞ்சினி விடமாட்டாள். அவ்வளவு தூரம் வர ஐயருக்கு முடியாதாம். எனவே நீங்கள்தான் வர வேண்டும். பழம் கொண்டுவர வேண்டாம். திசைகாட்டி நான் கொண்டுவருகிறேன். நீங்கள் நிற்கும் நாட்களில் குவாரிக் குசினியில் ஆடு சமைக்க மாட்டார்கள், ஏசுதாசனிடம் பேசிவிட்டேன், கேட்டால் சொல்லிவிடுவான்.

உங்கள் வாசற்படிக் கல், நாலு பலகை, கண்ணாடிபோல் அறுத்தது, புதன்கிழமை சிட்னி லொறியில் ஏறுகிறது. லொறிக்கூலி என்னுடையது. கல்லின் விலை: ஒரு சாக்கு நவதானியம், நீங்களே கையோடு கொண்டுவர வேண்டும், அக்கா கையால் வறுத்தது. வறுத்தது பூசைக்கு ஆகாது என்பீர்கள், ஜூடித்துக்கு ஆகும். சாக்கில் ஒரு மணி பச்சையாக இருந்தாலும் கல் திரும்ப யார்ட்டுக்கு வந்துவிடும்.